சாய்ந்துவிட்டது என்று நான் சொன்னது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாயிலிருந்து வந்தது. இந்த ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று ஏழுக்கு, தேனாம்பேட்டையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் ஸ்டூடியோவில் உட்கார்ந்துகொண்டு, நேரலையில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அன்வரி பேகம் என்ற பெண்மணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அடுத்த திங்கட்கிழமை நடக்க இருந்த தன் இதய ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

[‘ஒரே ஒரு வார்த்தை’ என்றுதான் முதலில் எழுதினேன். ‘ஒரே’ என்று போட்டால் கதை உருக ஆரம்பித்துவிடும். உருகுவதற்கு எனக்குத் தெம்பில்லை. அடித்துவிட்டேன்.]

என் பெயர் சுலோச்சனா. வயது ஐம்பத்தாறு. சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. மிக்ஸி ஜாரை எப்படிக் கழுவுவது, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு விழுங்குவதா பின்பு விழுங்குவதா என்றெல்லாம் துண்டுச்சீட்டில் தமிழில் படித்திருப்பீர்கள். அதில் பாதி என் கைங்கரியம். மீதி நேரத்தில் கதை எழுதுவேன். பதினைந்து வருஷத்தில் ஒன்பது கதை. படித்தவர்கள் அத்தனை பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

இது பத்தாவது. ஆசைப்பட்டு எழுதவில்லை. தினமும் மாலை ஆறே காலுக்கு ஒரு போன் வருகிறது, அதை எடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியுமோ என்று எழுதுகிறேன்.

2

தொடங்கிப் பார்த்தவை:

“நெருப்பைக் கக்கியபடி விண்ணை நோக்கிச் சீறிப் பாய்ந்த அந்த ராக்கெட்” – நிறுத்திவிட்டேன். கக்குவதையும் சீறுவதையும் செய்தித்தாள்கள் நன்றாகவே செய்துகொண்டிருக்கின்றன.

“மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த அன்வரி பேகத்துக்குத் தன் வாழ்க்கையும் ஒரு ராக்கெட்” – சீச்சீ.

“ஈர்ப்பு விசை என்பது” – இதைப் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. உங்களைக் கேட்கவே வேண்டாம்.

சரி, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

3

அன்றைக்கு ஏவப்பட்டது தரமணியில் இருக்கும் ஒரு சின்னத் தனியார் கம்பெனியின் ராக்கெட். அவர்களுக்கு அதுதான் முதல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்புகிறது. சேனலில் விளக்கம் சொல்ல ரகுபதி என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் வருவதாக ஏற்பாடு. அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழாக்கித் திரைக்குக் கீழே ஓடும் எழுத்துக்குக் கொடுப்பது மட்டுமே என் வேலை. பத்து ஐம்பதுக்கு ரகுபதி போன் செய்து, ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே ஆட்டோவில் இருப்பதாகச் சொன்னார். பதினொரு மணிக்கும் அங்கேயேதான் இருந்தார். தயாரிப்பாளர் ராகேஷ் ஓடிவந்து என் புடவையில் மைக்கைக் குத்திவிட்டான். படம் அதுபாட்டுக்கு ஓடும், நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே இருங்கள், இடைவெளி மட்டும் விடாதீர்கள் என்றான்.

என் கையில் ஓர் அட்டை இருந்தது. வரக்கூடிய சொற்களுக்கெல்லாம் தமிழ் எழுதி வைத்திருந்தேன். ராக்கெட் ஒரு பக்கமாக வளையும்போது சொல்லும் ‘பிட்ச் ஓவர்’ என்பதற்கு நேராக மட்டும் மூன்று சொற்களை எழுதி மூன்றையும் அடித்திருந்தேன். கவிழ்வு: நல்ல நாளும் அதுவுமாக யாராவது சொல்வார்களா. சரிவு: அது பங்குச் சந்தைக்கு. திருப்பம்: அது சீரியலுக்கு. ரகுபதி வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ராக்கெட் கிளம்பியது. கொஞ்ச நேரம் நட்டுவைத்த மாதிரி நேராகப் போனது. பிறகு ஒலிபெருக்கியில் அந்தக் குரல் ‘பிட்ச் ஓவர்’ என்றது. அட்டையைப் பார்த்தேன். மூன்று அடித்தல் தெரிந்தது. காதுக்குள் ராகேஷ், பேசுங்க மேடம், பேசுங்க என்றான். திரையில் அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பக்கமாக வளைந்தது. “சாய்கிறது” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “ராக்கெட் சாய்ந்துவிட்டது” என்றேன்.

* இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு போட வேண்டும். பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவிலேயே போடுகிறேன். சாய்ந்தது என்று சொல்லியிருந்தால் ஒன்றும் இல்லை. கூட வந்து ஒட்டிக்கொண்ட அந்த ‘விட்டது’தான் வினை. பால் பொங்கிவிட்டது, பஸ் போய்விட்டது, பெரியப்பா போய்விட்டார். ஒரு காரியம் முடிந்தது என்று காட்டத்தான் இலக்கணத்தில் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் மனுஷன் சாய்ந்துவிட்டான் என்றால் நம் ஊரில் அடுத்து என்ன ஆச்சு என்று யாரும் கேட்கமாட்டார்கள். எப்போ எடுக்கறாங்க என்றுதான் கேட்பார்கள். முப்பது வருஷம் இந்த மொழியை வைத்துச் சோறு தின்ற எனக்கு இது தெரியாமல் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

பத்து நொடியில் சுதாரித்துக்கொண்டு, சீராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். பதினேழாவது நிமிஷத்தில் செயற்கைக்கோளைக் கொண்டுபோய் அதன் பாதையில் விட்டுவிட்டார்கள். ஸ்டூடியோவில் மைசூர்பாகு கொடுத்தார்கள். இரண்டு சாப்பிட்டேன்.

4

சனிக்கிழமை காலை கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை, முகத்தில் மூன்று நாள் தூக்கம் பாக்கி. ராகேஷிடம் என் விலாசம் வாங்கினாளாம். பெயர் ஜுவேரியா. அந்த ராக்கெட் கம்பெனியில் அதன் பாதையைக் கணக்குப் போடும் குழுவில் வேலை. அன்வரி பேகத்தின் ஒரே மகள்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் கோபமாக இருந்தாள். ஆனால் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். அவள் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. மாற்ற வேண்டும். டாக்டர் ஆறு மாதமாகச் சொல்கிறார், அம்மா பிடிகொடுக்கவில்லை. பக்ரீத் போகட்டும், கல்யாண சீசன் முடியட்டும், கடையில் ஆள் இல்லை. அன்வரி பேகம் தி. நகர் பாண்டி பஜார் பக்கத்தில் ஒரு லேடீஸ் டைலர் கடையில் கட்டிங் மாஸ்டர். கடைசியில் ஒரு நாள் மகள் அழுதிருக்கிறாள். அம்மா ஒரு பந்தயம் கட்டியிருக்கிறார்: உன் ராக்கெட் ஒழுங்காகப் போனால் நானும் போய்ப் படுத்துக்கொள்கிறேன், சாய்ந்தால் என்னை விட்டுவிட வேண்டும். ஜுவேரியா தலையில் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். கணக்கு அவளுடையது, அதில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தேதியும் வாங்கினார்கள்.

“நீங்க டிவில சாஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. அடுத்த நிமிஷம் அம்மி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டாங்க. நான் ஸ்ரீஹரிகோட்டாவுல கைதட்டிட்டு இருக்கேன்.”

திங்கட்கிழமை இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ராக்கெட் ஒழுங்காகத்தான் போயிற்று, வேறு தேதி வாங்கலாம் என்றால் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். வார்த்தை வந்துவிட்டது, அது அல்லா காட்டிய இஷாரா, அதாவது ஜாடை, இனி வேண்டாம் என்கிறாராம். ஆகஸ்ட் இருபதுக்குள் பெயர் கொடுத்தால் செப்டம்பர் முதல் வாரத்தில் தேதி கிடைக்கும். தவறினால் அந்த டாக்டர் இரண்டு மாதம் ஊரில் இல்லை. இரண்டு மாதம் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லவில்லை, சொல்லாததுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள்.

“நீங்க வந்து அவங்ககிட்ட சொல்லணும் மேடம். அது இஷாரா இல்ல, நீங்க பண்ண தப்புன்னு.”

அப்புறம்தான் உட்கார்ந்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று, வாத்தியாருக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ராக்கெட் நேராக மேலே போய், அங்கே போனபின் திரும்பிக்கொள்ளலாமே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்களாம். மேலே போவது பெரிய காரியமே இல்லையாம். கீழே விழாமல் பூமியைச் சுற்றி வர வேண்டும் என்றால் பக்கவாட்டில் ஓட வேண்டும், நொடிக்கு ஏழரை கிலோமீட்டர். [ஏழரை என்றதும் எனக்குச் சனிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.] நெட்டுக்குத்தாக நின்று எரிகிற ஒவ்வொரு நொடியும் பூமியின் இழுப்போடு மல்லுக்கட்டுவதிலேயே எரிபொருள் தீரும். அதனால் ஏவுதளக் கோபுரத்தைத் தாண்டியதும், இன்னும் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு பக்கமாக லேசாகச் சாய்க்கிறார்கள். இரண்டு மூன்று டிகிரி. அவ்வளவுதான் தள்ளுவது. அதற்குப் பிறகு பூமி இழுக்கிற இழுப்பே பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டு போகும். வளைப்பதற்கென்று தனியாக எரிபொருள் செலவழிக்க வேண்டாம். கீழே எஞ்சினின் வாயை அப்படி இப்படி ஆட்டி, மூக்கு போகிற திசையையே பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டால் போதும். ஏன் மூக்கு அப்படியே இருக்க வேண்டும் என்றால், உடம்பு மெல்லிய தகடு. அந்த வேகத்தில் காற்று விலாவில் அடித்தால் ஒடிந்துவிடும். வேகம் பிடித்த பிறகு வெடுக்கென்று திருப்பவே கூடாது.

சாய்ப்பது கூடினால் சீக்கிரமே படுத்துவிடும். குறைந்தால் உயரத்தில் போய் எரிபொருளை வீணாக்கும். எந்த நொடியில் எத்தனை டிகிரி என்று ஓர் அட்டவணை உண்டு. அன்று காலை பலூன் விட்டுக் காற்றை அளந்து, அதற்கேற்ப அட்டவணையைத் திருத்துவது ஜுவேரியாவின் வேலை.

“சாயறது தப்பு இல்ல மேடம். சாயறதுதான் நாங்க பண்ற வேலையே.”

5

இப்போது ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிய என் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். ஜுவேரியா போனபிறகு, அவள் அம்மாவைப் பார்க்கும் முன்பே, நான் அவரை எழுத ஆரம்பித்துவிட்டேன். சாய்மா என்று பெயர் வைத்தேன். இரண்டு பக்கம். அதில் சாய்மா டிவி சொல்வதையெல்லாம் நம்புகிறவர். ‘ராக்கெட்’ என்பதை ‘ராக்கெட்டு’ என்று சொல்கிறவர். மகள் படித்த படிப்பைப் பார்த்து மலைத்து நிற்கிறவர். வெள்ளந்தி என்ற சொல் நாலு தடவை வருகிறது.

அந்த இரண்டு பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை போனேன். கச்சேரி ரோடு பள்ளிவாசலைத் தாண்டி இடதுபக்கச் சந்தில் தரைத்தள வீடு. முன்னறையில் பாதியை ஒரு நீள மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. கடைக்குப் போக முடியாததால் துணிகள் வீட்டுக்கு வருகின்றன. வெளுத்த முகமும் கனத்த கண்ணாடியுமாக அவர் ஒரு பச்சைப் பட்டில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. பேச்சை இரண்டு இரண்டு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். நான் யார் என்று சொன்னதும், “டிவிக்காரம்மாவா, வாங்க” என்று உள்ளே போய் ஏலக்காய் டீ போட்டுக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல விடவில்லை.

நான் தயாராகப் போயிருந்தேன். ‘விடு’ என்ற துணைவினையைப் பற்றிச் சொன்னேன். சாய்ந்தது வேறு, சாய்ந்துவிட்டது வேறு என்றேன். ஜுவேரியா சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். அது சகுனம் இல்லை, ஒரு மொழிபெயர்ப்பாளரின் கைத்தவறு, வாய்த்தவறு என்றேன். தப்பு என்னுடையது, அதற்காக உங்கள் உயிரைப் பணயம் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். இந்த வரியைச் சந்து முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு மேஜை மேலிருந்த மர ஸ்கேலை எடுத்து, உள்ளங்கையில் நெட்டுக்குத்தாக நிறுத்தினார். அது சாயச் சாய, கையை அந்தப் பக்கமாகவே நகர்த்திக்கொண்டு, மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். ஸ்கேல் விழவில்லை. முனையில் ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“சாயறதுதாம்மா போறது. சாயலன்னா அங்கியே நின்னு எரிஞ்சி பூடும். எம்பொண்ணு இத்த அம்பது தபா சொல்லிக்கீறா. எனக்குத் தெரியும்.”

6

[இந்தப் பகுதியை எழுதலாமா கூடாதா என்று பத்து நாள் யோசித்தேன். எழுதிவிட்டு எடுத்தேன். எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். ஏன் சேர்த்திருக்கிறது என்பது கடைசியில் வரும்.]

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, என்னால் இல்லை. அந்த நிம்மதி ஒரு மிடறு டீ உள்ளே போகும்வரைதான் இருந்தது. அப்புறம் வெட்கமாகிவிட்டது.

தெரிந்துமா போன் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“ஒரு சாக்கு ஓணும்னு காத்துக்கினு இருந்தேன். நீங்க குட்த்தீங்க.”

அப்புறம் அந்தப் பச்சைப் பட்டைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“நான் வெட்றவ. முப்பத்தாறு வருசமா வெட்டிக்கினு கீறேன். பாண்டி பஜார்ல யாரை வேணா கேளுங்க, நல்ல கை. அப்டியும் ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா ஒரு பட்ட கெடுத்துடுவேன். கை நல்லா கீது, கத்திரி நல்லா கீது, கண்ணு நல்லா கீது. அப்டியும் கெட்டுப் பூடும். இன்னாத்துக்குன்னு தெரியாது. புதுசு வாங்கிக் குட்த்து மன்னிப்பு கேட்டுக்குவேன்.” கொஞ்சம் மூச்சு விட்டார். “டாக்டருக்கும் கைதானே.”

வால்வு ஆபரேஷனில் நூற்றுக்கு எத்தனை பேர் நன்றாக வீட்டுக்கு வருகிறார்கள் என்று ஜுவேரியா கணக்கு சொல்லியிருப்பாள். நானும் அதைத்தான் முணுமுணுத்தேன். அவர் தலையாட்டினார். அவருக்கு அந்தக் கணக்கும் தெரிந்திருந்தது.

அவருக்குப் பயம்.

[மேலே உள்ள வரியில் ஒரு சொல் திருத்தப்பட்டிருக்கிறது.]

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவர் போனபோது ஜுவேரியாவுக்கு ஏழு வயது. அதிலிருந்து வீட்டு ஓனரிடம் சண்டை போட்டது, ராத்திரி ஷிப்ட் பார்த்தது, மகளை இன்ஜினியரிங் சேர்க்க நாலு பேர் வாயை அடைத்தது எல்லாம் இவர்தான். மகள் முன்னால் ஒரு நாள்கூடக் கலங்கியதில்லையாம். அம்மி எதற்கும் பயப்படமாட்டாள் என்று நினைத்துத்தான் அவள் அத்தனை கோடி ரூபாய் சாமானைக் கொளுத்தி மேலே விடுகிறாள், நான் கலங்கினால் அவள் கை நடுங்கிப் போகும் என்றார். டிவியில் தப்பாகச் சொன்னதாகவே இருக்கட்டும் என்றார். உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லையே என்றும் கேட்டார்.

நஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறே காலுக்கு ஜுவேரியா போன் செய்கிறாள். தரமணியில் ரயில் ஏறியதும் கூப்பிடுவாள். அம்மி ஒத்துக்கொண்டார்களா மேடம் என்பாள். பேசிக்கொண்டிருக்கிறேன் என்பேன். நடுவில் இரண்டு தடவை கச்சேரி ரோட்டுக்குப் போனேன். சாக்கைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பச்சைப் பட்டு முடிந்து கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று மேஜைக்கு வந்திருந்தது. அவர் சந்து முனைவரை நடப்பதை நிறுத்தியிருந்தார்.

மூன்றாவது நாளிலிருந்து ஜுவேரியா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பரவாயில்லை மேடம், நீங்களும் எவ்வளவுதான் செய்வீர்கள் என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போனை எடுக்கவே கை வராமல் போயிற்று.

எழுதுகிறவள்தானே, முடிவை யோசித்துப் பார்த்தேன்.

நான் ஜுவேரியாவிடம் சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டுக்குப் போய், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறாள். அன்வரி பேகம் வாயை மூடிக்கொள்கிறார். மூடிய வாயோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா, மூடிய வாயோடு மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. வேகம் பிடித்ததை வெடுக்கென்று திருப்பக் கூடாது என்று சொன்னது அந்தப் பெண்தான்.

ராகேஷிடம் பெயர் சொல்லாமல் கதையைச் சொன்னேன். அவன் உடனே ஒரு முடிவு கொடுத்தான்: ஆபரேஷன் முடிந்து அம்மாவும் மகளும் மொட்டைமாடியில் நின்று இரண்டாவது ராக்கெட்டைப் பார்க்கிறார்கள், அம்மா ‘சாஞ்சிடுச்சு’ என்று கைதட்டுகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. நான் அழுதுகூட இருப்பேன். ஆனால் தரைத்தளத்தில் இருந்துகொண்டு வாசற்படி ஏறவே இரண்டு தடவை நிற்கிறவரை எனக்குத் தெரியும். அவரைச் சும்மா ஒரு வரியில் மொட்டைமாடிக்கு ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று உண்டு. நான் வாக்குத் தவறாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், ஆகஸ்ட் இருபது வருகிறது, போகிறது, புரட்டாசியில் ஒரு நாள் காலையில்

8

சாய்மா என்ற பெயரோடு, தரமணி, பாண்டி பஜார் என்ற இடங்களை மாற்றி, ஆறாம் பகுதியையும் சேர்த்து, கதையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அன்வரி பேகத்திடம் கொடுத்தேன். எழுதிவிட்டேன், உங்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பமாட்டேன், எதை வேண்டுமானாலும் அடியுங்கள், முழுக்க அடித்தாலும் சரி என்றேன். ஏன் எழுதினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கார்ப்பரேஷன் பள்ளியில் பத்தாவது வரை தமிழில் படித்தவர். தாள்களைத் துணிக்கடியில் வைத்தார். நாலு நாள் ஆயிற்று.

சனிக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸாலேயே திருத்தியிருந்தார். நான் இஞ்சி டீ என்று எழுதியிருந்தேன். இஞ்சியை அடித்து ஏலக்காய் என்று போட்டிருந்தார். அவர் பேச்சில் முப்பத்திநாலு வருஷம் என்று எழுதியிருந்ததை முப்பத்தாறு ஆக்கியிருந்தார். மாற்றியிருந்த ஊர்களையெல்லாம் சரியான ஊர்களாக்கியிருந்தார். சாய்மா என்று வந்த இடமெல்லாம் அடித்து, ஒவ்வொன்றிலும் பொறுமையாகத் தன் பெயரை எழுதியிருந்தார்.

“உங்களுக்கு அந்தச் சாய்ய வுடவே மனசு வராதா?” என்று கேட்டுச் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

பெயரை மாற்றியது உங்களுக்காகத்தானே என்றேன்.

“மாத்திட்டா அவுளுக்கு எப்டி தெரியும்?”

நான் ஆறாம் பகுதியைப் புரட்டினேன். சாக்கு என்று அவர் சொன்னது, பட்டுக் கெட்டுப்போவது, டாக்டரின் கை, மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டது – எதிலும் கோடு இல்லை. ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. நான் ‘அவருக்குத் தயக்கம்’ என்று எழுதியிருந்தேன். மரியாதைக்காக அப்படி எழுதினேன், வேறு காரணம் இல்லை. ‘தயக்கம்’ மேல் நீலக் கோடு. பக்கத்தில், பெரிய எழுத்தில், ‘பயம்’.

முப்பது வருஷமாகச் சரியான சொல் தேடிச் சம்பாதிக்கிறவள் நான்.

“வாய்ல வர மாட்டேங்குதும்மா. அவ மூஞ்சப் பாத்தா வேற இன்னாவோதான் வருது. நீங்க போட்டுடுங்க. ஞாயித்துக்கெழம பேப்பர அவ ஒரு வரி வுடாம படிப்பா.”

9

ஞாயிறு இணைப்பின் ஆசிரியரிடம் கொடுத்தேன். முடிவு இல்லையே என்றார். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும், ஒரு வாரம் தள்ளினாலும் பிரயோஜனம் இல்லை, முடிவு என்னிடம் கிடையாது என்றேன். இருபதாம் தேதி புதன்கிழமை. நடுவில் இருப்பது மூன்று நாள். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இவ்வளவு தூரம் கூட வந்த மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி உள்ளது ஒருவருக்கு மட்டும். நீங்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஜுவேரியா, இத்தனை நாளாக உன் போனில் நான் சொன்னது பொய். மன்னித்துக்கொள். நீ இதை முன்னறையில் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய். அம்மி உள்ளே பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி இருப்பார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், கவனித்துப் பார். நீ எந்த வரியில் இருக்கிறாய் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் இதைப் படித்ததும் எழுந்து ஓடாதே. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. கணக்கு சொல்லாதே. எவ்வளவு தள்ளினால் போதும் என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

ஒரு டீ கேள். அவர்கள் கொண்டுவந்து கொடுக்கும்போது, உனக்கும் பயமாக இருக்கிறது என்று